தூளைத் திரும்பக் கேட்டு வந்தவர்

எங்கள் பக்கத்துச் சின்ன பிரசவ ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைதோறும் கர்ப்பிணிகளைப் பரிசோதிப்பார்கள். ஒரு கூடம், இரண்டு அறை, வாசலில் ஒரு குழாய், அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. கூடத்து நீள பெஞ்சில் முத்தியால்பேட்டைப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எதிரே மேஜை போட்டு ஒரு நர்சம்மா இருப்பார். பேர், தெரு, எத்தனையாவது பிரசவம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருவார். அதே குரலில், சத்தத்தைக் கொஞ்சமும் குறைக்காமல் அடுத்த கேள்வி வரும். "வெள்ளப்படுதா? நாத்தம் இருக்கா? அரிக்குதா?"

பெஞ்சு மொத்தமும் தலையைக் குனிந்துகொள்ளும். ஒருத்தி சுவர்க் காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று தேட ஆரம்பிப்பாள். மாட்டிக்கொண்டவள், "கொஞ்சம் சூடு, நர்சம்மா" என்பாள். இடுப்புக்குக் கீழே எது நடந்தாலும் எங்களுக்கு அதன் பெயர் சூடு. வைத்தியமும் வீட்டிலேயே இருந்தது. இளநீர், மோர், ஊறவைத்த வெந்தயம்.

"சூடு அடுப்புல இருக்கும். உனக்கு என்னா இருக்கு, அதச் சொல்லு" என்பார் அவர். சொல்கிற வரைக்கும் அடுத்தவளைக் கூப்பிட மாட்டார். பின்னால் இருப்பவர்கள் நேரமாகிறது என்று நெளிய ஆரம்பிப்பார்கள். கடைசியில் அவள் ஏதோ முணுமுணுப்பாள். அதை அவர் திருப்பிச் சத்தமாகச் சொல்லி எழுதிக்கொள்வார். மீன் வாங்கும்போது விலையைத் திருப்பிச் சொல்லிக் கேட்போமே, அப்படி.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. தான் செய்த ஒரு தப்பைத் தெருத்தெருவாகப் போய்த் தன் வாயாலேயே சொன்னவர் அவர். இருந்தாலும் அந்தத் தப்பை அவர் பெயரோடு சேர்த்து அச்சில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆள் குள்ளம். வெயிலோ மழையோ, கையில் கறுப்புக் குடை இருக்கும். தோளில் தொங்கும் பையில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எப்போதும் உண்டு. பரிசோதனை முடித்து எழுந்திருக்கும் பெண்ணின் கையில் ஒரு பிடி திணிப்பார். ரத்தம் இல்லாமல் வெளுத்துப் போயிருந்தால் இரண்டு பிடி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பயிற்சி எடுத்தவர் என்பதால், மரக்குழலை வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பை எண்ணும்போது "அன், தே, த்ருவா" என்று பிரெஞ்சில் உதடு அசையும். மற்ற நேரத்தில் எங்களைவிடப் பச்சையான தமிழ். கல்யாணம் செய்துகொள்ளாதவர். கல்யாணமாகாத பொம்பளைக்கு இந்தப் பேச்செல்லாம் கூச்சமில்லாமல் எப்படி வாயில் வருகிறது என்று என் மாமியார் மோவாயில் கைவைத்துக்கொள்வார்.

எனக்கும் ஆரம்பத்தில் அவரைப் பிடிக்காது. அவர் வருவது தெருமுனையில் தெரிந்தாலே உள்ளே போய்விடுவேன். எழுபதுகளின் நடுவில், கல்யாணமாகி வந்த புதிதில், எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கூடத்தில் பெண்களைக் கூட்டி உட்காரவைத்துச் சுத்தம் பற்றிப் பேசினார். நகம் வெட்டுவது, தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது எல்லாம் சொல்லிவிட்டு, வெள்ளைப்படுகிறவர்கள் செய்யவேண்டியது என்று ஒன்றைச் சொன்னார். காலராக் காலத்தில் கிணற்றில் போடுவார்களே ஊதாத் தூள், அதில் ஒரு சிட்டிகை வெந்நீரில் கலந்து உள்ளே கழுவ வேண்டும். கர்ப்பமாக இருந்தாலும் செய்யலாம், பிள்ளைக்கு நல்லது என்றார். காகிதத்தில் மடித்த பொட்டலத்தை ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அந்தக் காலத்தில் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

மற்றவர்கள் அதை வாங்கிப் பரணில் போட்டார்கள். ஒருத்தி கீரை அலச வைத்துக்கொண்டாள். ஒருத்தியின் பிள்ளை அதைக் கரைத்து நாய்க்குச் சாயம் பூசினான். நான் ஒன்பதாவது வரை படித்தவள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஜாதி. அப்போது நான் மூன்று மாதம். வெள்ளையும் பட்டுக்கொண்டிருந்தது. ஒரு நாள் விடாமல் கழுவினேன். தீர்ந்ததும் மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டேன். நாற்றம் போவதற்குப் பதில் கூடியது. சரியாகக் கழுவவில்லை போல என்று இரண்டு வேளையாக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏழாம் மாதத்தில் ஒருநாள் காலையில் இடுப்பு கனத்தது. என் கணவருக்கு மில்லில் காலை ஷிப்டு. சோறு வடித்து, குழம்பு வைத்து, தூக்கில் கட்டிக் கொடுத்து முடிக்கும்போது பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. ஆண்குழந்தை. என் உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதில் அடங்குகிற அளவு. ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும் என்று எங்கள் பக்கத்தில் அடித்துச் சொல்வார்கள். அந்த நம்பிக்கையில் அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். பொழுது இறங்கும்போது அவன் போய்விட்டான்.

வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கக்கூடாது என்று ஆனது. பேசினால் அடுத்தது தங்காது என்றார்கள். தொட்டிலுக்கு எடுத்து வைத்திருந்த புடவையை மாமியார் யாருக்கோ கொடுத்துவிட்டார். எனக்கு அடுத்தது தங்குவதற்கு ஆறு வருஷம் ஆனது.

எண்பத்திரண்டில் மறுபடியும் நாள் தள்ளிப்போனது. மூன்று மாதம் முடியும் வரை வெளியே சொல்லவேண்டாம் என்று என் கணவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அப்போதுதான் ஒரு மத்தியானம் நர்சம்மா எங்கள் தெருவுக்கு வந்தார். குடையை மடக்கிக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் நின்று பேசிவிட்டு அடுத்த வாசலுக்குப் போகிறார். சில வீடுகளில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சொட்டு மருந்து விஷயமாக இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் வாசலுக்கு வந்தார்.

"முன்ன ஒரு ஊதாத் தூளு குடுத்தன், ஞாபகம் இருக்கா? உள்ள கழுவச் சொன்னன். அது தப்பு. செய்யாத. மிச்சம் இருந்தா குடுத்துடு."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் பயிற்சிக்குப் போயிருந்தாராம். அங்கே ஒரு டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்ததாம். பெண்ணுக்கு உள்ளே நல்ல கிருமிகள் இருக்கின்றன, அவைதான் காவல், தூளையும் சோப்பையும் போட்டுக் கழுவினால் காவல் போய்க் கெட்ட கிருமி குடியேறும், சிலருக்கு அதனால் பன்னீர்க்குடம் முன்னாலேயே உடைகிறது என்று சந்தேகப்படுகிறார்கள் என்றார். பை திறந்திருந்தது. உள்ளே மல்லாட்டையோடு ஏழெட்டுப் பழைய பொட்டலங்கள் கிடந்தன.

நான் உள்ளே போய், குளியலறை மாடத்திலிருந்து என் பொட்டலத்தை எடுத்துவந்து கொடுத்தேன். அது பழசில்லை. போன வாரம் வாங்கியது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கேட்டுவிட்டேன்.

"அப்ப எம் புள்ள?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. அந்தப் பிரசவத்தில் அவர்தான் கூட இருந்தார். சுலபமாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அது வேறு, இது வேறு, விதி என்று ஏதாவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

"எனக்குத் தெரியாதும்மா. கொற மாசத்துல பொறக்கறதுக்கு எத்தினியோ காரணம் இருக்கு. இது இல்லாமலும் பொறக்குது. ஆனா இது காரணமே இல்லன்னு உங்கிட்ட நான் சொல்லமாட்டன்."

கதவைச் சாத்தினேன். மரியாதைக்குறைவாகத்தான் சாத்தினேன். அவர் அடுத்த வாசலில் அதே வாக்கியத்தை முதலிலிருந்து ஆரம்பிப்பது உள்ளே கேட்டது. இப்படி வீடுவீடாகப் போய்த் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வானேன், பேசாமல் இருந்தால் தானே மறந்துவிடுவார்கள் என்று மேலதிகாரி யாரோ அவரிடம் சொன்னாராம். ஜனங்கள் மறக்கலாம், தூளைத் தூக்கிப் போடமாட்டார்கள் என்றாராம். முத்தியால்பேட்டை முழுக்க முடித்துவிட்டு, கனகசெட்டிக்குளம் வரைக்கும் பஸ் ஏறிப் போனார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அங்கேயும் ஒரு காலத்தில் பொட்டலம் கொடுத்திருந்தாராம்.

அவர் முகத்தில் விழிக்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். வியாழக்கிழமைகளில் அந்தப் பக்கமே போகவில்லை. கோபம் அவர்மேல் பாதி, என்மேல் பாதி. அடுத்தவர்களெல்லாம் பரணில் போட்டதை நான் ஏன் இரண்டு வேளை செய்தேன் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது.

ஐந்தாம் மாதத்தில் மறுபடியும் வெள்ளைப்பட ஆரம்பித்தது. இந்தத் தடவை மஞ்சளும் பச்சையுமாக, நுரைத்துக்கொண்டு, அரிப்போடு. மாமியாரிடம் ஜாடையாகச் சொன்னேன். சூடு என்று வெந்தயம் ஊறவைத்தார். என் கணவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அன்று முழுக்க வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தை அசைந்துகொண்டிருந்தது. இதைச் சொல்ல இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தால் ஒரே ஒரு முகம்தான் வந்தது. எனக்குப் பிடிக்காத முகம். ஆனால் என்னிடம் பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, வாசனைப் பவுடரும் போட்டுக்கொண்டு போனேன். படுக்கவைத்துப் பார்க்கப்போகிற இடம், சுத்தமாக இருக்க வேண்டாமா? முத்தியால்பேட்டையில் எந்தப் பெண்ணும் அப்படித்தான் போவாள். இரண்டு மாதம் வராததற்கு அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறைக்குள் படுக்கவைத்து விளக்கைத் திருப்பிப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"கழுவிட்டு வந்தியா?"

ஆமாம் என்றேன்.

"நான் என்னாத்தப் பாக்கறது? பவுடரையா? நாளைக்கி வா. குளிக்காத, கழுவாத. அப்படியே வா."

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை குளிக்காமல் படி தாண்டுவதற்கு என் மாமியாரிடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவரும் தெருவில் பலரும் அன்றைக்கு எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவுகட்டினார்கள். நர்சம்மாவுக்கும் இதனால் ஒரு பட்டப்பெயர் விழுந்தது, 'குளிக்காம வரச்சொல்ற அம்மா' என்று. காதில் விழுந்தபோது, அப்படியாவது ஞாபகம் இருந்தால் சரி என்றாராம்.

அன்று பார்த்தவுடன் கையைக் கழுவிக்கொண்டு குடையை எடுத்தார். கோரிமேட்டுக்குப் போகிறோம் என்றார். என்னை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, பஸ் கிளம்பியதும் கேட்க ஆரம்பித்தார். எத்தனை நாளாக, என்ன நிறம், எரிச்சல் எப்போது, வீட்டுக்காரருக்கு ஒன்றுக்குப் போகும்போது எரிகிறதா? பஸ்ஸில் பாதி ஆண்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகப் பேசுங்கள் என்று நர்சம்மாவின் முழங்காலைக் கிள்ளினேன்.

"எதுக்கு மெதுவா? நீ என்னா திருடிட்டா வர?"

ஒருகணம் அப்படியே ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாமா என்று இருந்தது. பிறகு என்ன ஆனதோ, பதில் சொல்ல ஆரம்பித்தேன். முதல் பிரசவத்தில் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். கோரிமேடு வருவதற்குள் எல்லாம் சொல்லி முடித்திருந்தேன். இறங்கும்போது கை கால்களெல்லாம் லேசாக இருந்தன.

அங்கே ஒரு டாக்டரம்மா பஞ்சுக்குச்சியில் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். கிருமி தெரிகிறது என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்தார், எனக்கும் என் கணவருக்கும். அவரும் சாப்பிடாவிட்டால் திரும்ப வந்துவிடுமாம்.

மில்லுக்குப் போகிற மனுஷன் அதற்கு ஒப்புவாரா? "எனக்கு என்னா நோவு?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ஷிப்டு விடுகிற நேரத்தில் மில் வாசலில் குடையோடு நர்சம்மா நின்றார். ஆயிரம் பேர் வெளியே வருகிற இடம். இவரைப் பார்த்ததும், அங்கேயே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடப் போகிறாரே என்ற பயத்தில் என் கணவர் கை நீட்டி மாத்திரையை வாங்கிச் சோடாவோடு விழுங்கியிருக்கிறார். அன்றிலிருந்து முடிகிற வரைக்கும் வீட்டில் ஒழுங்காகச் சாப்பிட்டார். வாய் முழுக்க இரும்பு நக்கின மாதிரி கசக்கிறது என்று இருவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கல்யாணமாகி அவ்வளவு நாளில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான் அதிகம்.

அரிப்பும் நாற்றமும் போய்விட்டன. இனி பிள்ளை தங்கிவிடும்தானே என்று நர்சம்மாவிடம் கேட்டேன். அதற்கும் அவர் நல்ல வார்த்தை சொல்லவில்லை.

"நோவு போச்சி. புள்ள பத்து மாசம் இருக்கும்னு நான் சத்தியம் பண்ணமாட்டன். வயிறு கல்லு மாதிரி இறுகி இறுகி விட்டாலோ, தண்ணியாட்டம் ஒழுவனாலோ, ரத்தம் பட்டாலோ அந்த நிமிஷமே கெளம்பிடு. சமைச்சி முடிச்சிட்டு வரன்னு நிக்காத."

வெள்ளைப்படுவதெல்லாம் நோய் இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார். கர்ப்பத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் படும். நாற்றம், நிறம், அரிப்பு மாறும்போது மட்டும் வந்து சொல்ல வேண்டும். மற்றபடி வெளியே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும், உள்ளே கையே வைக்கவேண்டாம் என்றார்.

ஏழாம் மாதம் பிறந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒருநாள் காலையில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போது வயிறு இறுகியது. விட்டது. மறுபடி இறுகியது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, மாமியாரிடம்கூடச் சொல்லாமல் தெருவில் இறங்கி நடந்தேன். சோறு குழைந்து அடிப்பிடித்துத் தெருவே நாறியதாம். நர்சம்மா என்னை ரிக்‌ஷாவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். பன்னிரண்டு நாள் கட்டிலைவிட்டு இறங்கவிடவில்லை. அவர் வேலை முடிந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஆறுதலாக ஒன்றும் பேசமாட்டார். வயிற்றில் குழலை வைத்துப் பிரெஞ்சில் எண்ணுவார், பையிலிருந்து மல்லாட்டை எடுத்துக் கொடுப்பார், போய்விடுவார். ஒருநாள் எண்ணி முடித்தும் குழலை எடுக்காமல் கொஞ்ச நேரம் காதை வைத்துக்கொண்டே இருந்தார். அவரும் என்னைப்போலவே பயந்துகொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரிந்தது. என் கோபம் எங்கே போனது என்று சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அது இல்லை.

வலி நின்றது. ஒன்பது மாதம் முடிந்து பத்து நாளில் பெண்குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல்.

இரண்டு மாதம் கழித்து, வியாழக்கிழமைதான், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். பெஞ்சில் வழக்கம்போலப் பத்துப் பதினைந்து பேர். அவர் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என் சீட்டை எடுத்தார். அதில் முந்தைய பிரசவம் என்று ஒரு கட்டம் இருக்கும். என்னுடையதில் 'ஆண், ஏழு மாதம், இறப்பு' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குரலைக் கொஞ்சமும் குறைக்காமல் கேட்டார்.

"மொதப் புள்ளைக்கி என்னா பேரு வச்ச?"

அப்படி ஒரு கேள்வியை யாரும் யாரிடமும் கேட்க மாட்டார்கள். பெயர் வைக்கிற அளவுக்கு அவன் இருக்கவில்லை. அவனைக் குளிப்பாட்டிக் கொண்டுபோனபோதுகூட யாரும் ஒரு பெயர் சொல்லவில்லை. ஆனால் எனக்குள் ஒரு பெயர் இருந்தது. அன்று சாயங்காலம் வரைக்கும் அவன் காதில் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். என் கணவருக்குக்கூடத் தெரியாது.

"செந்திலு" என்றேன்.

அவர் அதைத் திருப்பிச் சத்தமாகச் சொன்னார். பேனாவைத் திறந்து, அந்தக் கட்டத்தில் 'இறப்பு' என்பதற்கு முன்னால் செந்தில் என்று எழுதினார். சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். நான் அத்தனை பேர் முன்னாலும் நின்று அழுதேன். யாரும் காலண்டரைப் பார்க்கவில்லை.

சில வருஷத்தில் அவர் ஓய்வு பெற்றார். பிரான்சில் இருக்கிற தம்பியிடம் போய்விட்டதாகச் சிலர் சொன்னார்கள், காரைக்கால் பக்கம் என்று சிலர் சொன்னார்கள். விசாரித்துப் பார்த்தும் சரியாகத் தெரியவில்லை. எனக்கு அதற்குப் பிறகு குழந்தை பிறக்கவில்லை. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் இரண்டு என்று சொல்கிறேன். பெரியவன் என்ன செய்கிறான் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் குரலைக் குறைக்காமல் உள்ளதை உள்ளபடி பதில் சொல்கிறேன்.